பழைய ஆபரணங்களின் கிரயமும் இரகசியமும்

நம்மவர் இல்லங்களிற் பெட்டிகளுள் உறங்கும் பழைய ஆபரணங்கள் பல. அவற்றின் உண்மைக் கிரயத்தை அறிந்தோர் மிகச் சிலரே. பாட்டிமார் காதிலணிந்த பாம்படமும் தண்டட்டியும் ஒவ்வொன்றாய்க் கைமாறுகின்றன. எவரிடம் என்ன விலைக்குப் போயின என்பது அடுத்த வீட்டாருக்கும் தெரிவதில்லை. இவ்விரகசியம் எங்கிருந்து வந்தது, இதனாற் பயனடைவோர் யாவர் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஆபரணக் கணக்கை எத்துணை வெளிப்படையாய் வைத்தல் கூடும் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலே சாட்சி. முதலாம் இராஜராஜ சோழர் (985-1014) காலத்தில் அக்கோயிலுக்களித்த திருவாபரணங்கள் கற்சாசனங்களில் தனித்தனியே வரையப்பட்டிருக்கின்றன. பொன்னை ஆடவல்லான் என்னும் எடைக்கல்லால் நிறுத்தனர். முத்துக்களையும் இரத்தினங்களையும் எண்ணி, அவற்றின் குற்றங்களையுங் குறித்தனர். உள்ளே சேர்ந்த அரக்கும் எடையில் அடங்கியதைச் சொல்லி, காசுக் கணக்கில் விலையையும் பொறித்தனர். ஆயின் கோயிற்பொருள் பொதுப்பொருள், குடும்பப்பொருள் அத்தன்மையதன்று.

வணிகர் வழக்கமோ வேறு. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்று தமக்குள் வழங்குவதைக் குழூஉக்குறிக்கு உதாரணமாக நம் இலக்கண உரைகள் காட்டும். 1676-ஆம் ஆண்டு வெளியான தம் யாத்திரை நூலில், தவெர்னியே என்னும் பிரெஞ்சு இரத்தின வியாபாரி, கோல்கொண்டாப் பக்கத்து வயிரச் சுரங்கங்களிற் கண்ட பேரத்தை விவரிக்கின்றார். வாங்குவோனும் விற்போனும் எதிரெதிரே அமர்ந்து, துணிக்குள் கைகோத்துப் பேசாதே விலை பேசுவர். முழுக்கையைப் பற்றினால் ஆயிரம். ஐந்து விரல்களைப் பற்றினால் ஐந்நூறு. ஒரு விரல் நூறு. பாதி விரல் ஐம்பது. விரல் நுனி பத்து. சூழ இருப்போர் ஒன்றும் அறியார். நம் நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர் துண்டுக்குள் கைபிடித்துப் பேசுவதும் இவ்வகையினதே.

இம்மறைவில் ஒரு நியாயம் உண்டு. ஒருவனது இலாப நஷ்டம் பிறர் வாய்க்கு அவலாகாமற் காக்கப்பட்டது. துணிக்குள் இருந்த கைகள் இரண்டும் ஒரே கணக்கை அறிந்தவை என்பதை மறத்தலாகாது. பழைய ஆபரண வியாபாரத்திலோ ஒரு கையே கணக்கறியும்.

இஃது எவ்வாறு நேர்ந்தது? இருபதாம் நூற்றாண்டிற் காது வளர்க்கும் வழக்கம் அருகவே, பாம்படம் முதலியன அணிவாரின்றிப் பெட்டியிற் புகுந்தன. இவற்றிற் பல பொற்றகட்டால் அமைந்து, உள்ளே அரக்கு நிரம்பியவை. வாங்குவோர் அரக்குக்கென்று மதிப்பாய் ஒரு பங்கைத் தள்ளி, எஞ்சியதை உருக்குப் பொன்னாகவே கணக்கிட்டனர். வேலைப்பாட்டுக்கும் பழமைக்கும் விலையில்லை. அதே பொருள் உருகாமற் பழம்பொருள் சேகரிப்போர் கையை அடையுங்கால், அவ்விரண்டுக்குமே விலை ஏறுகின்றது.

1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாடு, 14 காரட்டுக்கு மேற்பட்ட மாற்றிற் புதிய நகை செய்வதைத் தடுத்தது. பொற்கொல்லர் பலர் பிழைப்பிழந்தனர். அத்தடை 1966-இல் தளர்ந்தது. 1968-இல் இயற்றிய தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1990-இல் நீங்கியது. சட்டம் போயிற்று, பொன்னைப் பற்றி வாய்திறக்கும் அச்சம் போகவில்லை.

எமக்கு நெருங்கிய ஓர் இல்லத்தில், மகளின் படிப்புச் செலவுக்காக இரு சோடித் தண்டட்டிகளை விற்றனர். "பெயர் வெளியில் வராது" என்றார் தரகர். அச்சொல்லை அவர் காத்தார். ஆனால் ஊரறியலாகாது என்ற கூச்சத்தால், வேறொரு கடையில் விலை கேட்கவும் அக்குடும்பத்தார் துணியவில்லை. அரக்குக்கு எவ்வளவு கழித்தார் என்பது இன்றளவும் அவர்களுக்குத் தெரியாது. மானத்தைக் காத்த மறைவே கிரயத்தையும் விழுங்கிவிட்டது.

ஆதலின் அன்பர்கள் சில செய்திகளை மனத்திற் கொள்ளல் வேண்டும். விற்குமுன் நகையை நிறுத்து, புகைப்படம் எடுத்து, யாருடையது, எக்காலத்தது என்பதை எழுதி வைத்தல் நன்று. உருக்காமலே மாற்றைக் காட்டுங் கருவிகள் இன்று உள்ளன. அரக்கின் கழிவையும் பொன்னின் எடையையும் தனித்தனியே எழுதித் தரும்படி கேட்டல் நம் உரிமை. ஒரு வீட்டு விலாசமும் சொல்லாமலே படத்தைக் காட்டி இருவர் மூவரிடம் விலை விசாரிக்கலாம். நூறாண்டு கடந்த கலைப்பொருள்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்துக்கு உட்பட்டவை. அவற்றைத் தனியார் அயல்நாட்டுக்கு அனுப்புதல் குற்றம். அவற்றை வியாபாரஞ் செய்வோர் உரிமம் பெற்றுக் கணக்கும் வைத்தல் வேண்டும்.

வறுமையால் விற்பது இழிவன்று. விற்றவர் பெயரை மறைத்தல் முறையே; விற்பவருக்கே விலையை மறைத்தல் முறையன்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்காதிருப்பின், நம் பாட்டிமாரின் பொருள் போகும்போதாவது தன் மதிப்போடு போகும்.