மாற்றுத் தாய்ப்பலகை

மாற்றுத் தாய்ப்பலகை என்பது மேசைக் கணினி ஒன்றில் பழுதடைந்த தாய்ப்பலகைக்கு ஈடாகப் பொருத்தப்படும் பலகை ஆகும். நுண்செயலி, நினைவகம், வன்தட்டு ஆகியவை தாய்ப்பலகையின் வழியாகவே இணைக்கப்படுவதால், அது பழுதடைந்தால் கணினி முழுவதும் இயங்காது. எனினும் பிற உறுப்புகள் நல்ல நிலையில் இருக்கக்கூடும். அவற்றை அவ்வாறே ஏற்கும் பலகையைத் தெரிவு செய்வதே செலவைக் குறைக்கும் வழியாகும். மலிவான பலகையை வாங்கி, அதற்கெனப் புதிய நுண்செயலியும் நினைவகமும் வாங்க நேர்ந்தால் செலவு பன்மடங்காகும்.

பழுதை உறுதிசெய்தல்

கணினி இயங்காததற்குத் தாய்ப்பலகையே காரணம் என முதலில் உறுதி செய்தல் வேண்டும். வேறொரு மின்வழங்கியை இணைத்துப் பார்த்தல், நினைவகத்தைக் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்துதல் ஆகியவை எளிய சோதனைகள் ஆகும். நாளும் நேரமும் மட்டும் அடிக்கடி மாறினால், சி.ஆர். 2032 எனப்படும் 3 வோல்ட் மின்கலத்தை மாற்றுவது பெரும்பாலும் போதுமானது. 2000களின் முற்பகுதியில் வெளிவந்த பல பலகைகளில் மின்தேக்கிகள் மேற்புறம் உப்பிக் கசிந்தன. இத்தகைய பலகைகளை மின்தேக்கிகளை மட்டும் மாற்றி மீட்பதும் உண்டு.

பொருந்த வேண்டியவை

* சாக்கெட்: நுண்செயலி அமரும் இடம். இன்டெலின் எல்ஜிஏ 775 (2004), எல்ஜிஏ 1155 (2011), எல்ஜிஏ 1150 (2013) ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்தாதவை.
* சிப்செட்: சாக்கெட் ஒன்றாக இருப்பினும் நுண்செயலி இயங்கும் என்பது உறுதியன்று. 915 சிப்செட் கொண்ட எல்ஜிஏ 775 பலகை பெண்டியம் 4 நுண்செயலியை ஏற்கும். 2006இல் வெளிவந்த கோர் 2 டுவோவைப் பொதுவாக ஏற்காது.
* நினைவகம்: டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டும் 240 முனைகள் கொண்டவை. எனினும் வெட்டுப்பள்ளம் வேறிடத்தில் இருப்பதால் ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்தாது.
* அளவு: ஏடிஎக்ஸ் பலகை 305 × 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் பலகை 244 × 244 மி.மீ. அளவுடையது. பெரிய பெட்டியில் சிறிய பலகை பொருந்தும். சிறிய பெட்டியில் பெரியது பொருந்தாது.
* இணைப்பிகள்: பழைய வன்தட்டு ஐடிஇ வகையாயின், சாட்டா மட்டும் உள்ள பலகையில் அதை நேரடியாக இணைக்க இயலாது. மின்வழங்கியின் இணைப்பி 20 முனையா 24 முனையா என்பதையும் காண வேண்டும்.

நிறுவனங்கள் முழுமையாக அமைத்து விற்கும் கணினிகள் சிலவற்றில் மின் இணைப்பியும் முகப்புப் பொத்தான் இணைப்பியும் தனி வடிவில் உள்ளன. அவற்றுக்கு அதே மாதிரிப் பலகையைத் தேடுவதே பாதுகாப்பானது.

கிடைக்கும் இடங்கள்

தமிழ்நாட்டில் கணினி உதிரிப் பாகங்களுக்குப் பெயர் பெற்றது சென்னை அண்ணா சாலையை அடுத்துள்ள ரிச்சி தெரு ஆகும். இங்கு பயன்படுத்திய பலகைகளும் விற்கப்படுகின்றன. மேசைக் கணினித் தாய்ப்பலகைத் தயாரிப்பிலிருந்து விலகுவதாக இன்டெல் 2013இல் அறிவித்தது. பழைய சாக்கெட்டுகளுக்கான பலகைகளை வேறு நிறுவனங்கள் பின்னரும் விற்றுள்ளன.

தென்காசி மாவட்டத்தின் சிவகிரி போன்ற சிற்றூர்களில் உள்ளோர்க்குச் சென்னை 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. பொருந்தாத பலகையைத் திருப்பித் தருவதற்கே பணமும் நாட்களும் செலவாகும். எனவே பலகையில் அச்சிடப்பட்டுள்ள மாதிரி எண், நுண்செயலியின் பெயர், நினைவகத்தின் வகை ஆகியவற்றைக் குறித்துக்கொண்ட பின்னரே வாங்குதல் நன்று. பயன்படுத்திய பலகையாயின், சாக்கெட்டின் ஊசிகள் வளைந்துள்ளனவா என்று பார்ப்பதும், மாற்றித்தரும் கால அளவைக் கேட்டுப் பெறுவதும் இன்றியமையாதவை.

மாற்றுவது பயன்தராத நிலை

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. மேற்கூறிய சாக்கெட்டுகளுக்குரிய நுண்செயலிகள் விண்டோஸ் 11இன் தேவைப் பட்டியலில் இல்லை. இக்கணினிகளில் லினக்சு இயங்குதளங்களைப் பயன்படுத்தலாம். மாற்றுச் செலவு, நல்ல நிலையிலுள்ள பயன்படுத்திய கணினி ஒன்றின் விலையை நெருங்குமாயின் பலகையை மாற்றுவதால் பயனில்லை. அந்நிலையிலும் வன்தட்டில் உள்ள ஒளிப்படங்களும் ஆவணங்களும் பெரும்பாலும் அழிவதில்லை. உரிய யூஎஸ்பி இணைப்பியின் உதவியால் அவற்றை வேறொரு கணினியில் படியெடுக்கலாம்.

கழித்த பலகையில் ஈயம் போன்ற நச்சுப் பொருட்கள் இருக்கக்கூடும். ஆதலால் அதை எரிக்காமலும் குப்பையில் இடாமலும் மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.