ஆறில்லாத ஊரின் வெள்ளம்: உப்பாற்று ஓடையும் தூத்துக்குடியும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் தாமிரபரணியைப் பற்றியே எழுதினார்கள். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சிக்கிக்கொண்ட திருச்செந்தூர் ரயிலும் வெள்ளத்தில் மூழ்கிய ஏரலும் நினைவில் நின்றுவிட்டன. ஆனால் தூத்துக்குடி நகரை மூழ்கடித்த தண்ணீரில் பெரும்பகுதி தாமிரபரணித் தண்ணீர் அல்ல. அது உள்ளூர் மழையும், மேற்கே கரிசல் காட்டிலிருந்து உப்பாற்று ஓடை வழியாகக் கோரம்பள்ளம் குளத்துக்கு இறங்கி, கரையை உடைத்துக்கொண்டு வந்த தண்ணீரும். இரண்டு வெள்ளத்தையும் ஒன்றாக எண்ணுவதால் நகரத்தின் வெள்ள வரலாறு இன்னும் சரியாக எழுதப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தக் குழப்பத்தின் வேர் கொற்கையில் இருக்கிறது. தாலமியும் பெரிப்ளுஸ் ஆசிரியரும் குறிப்பிடும் முத்துத் துறைமுகம் இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. கால்டுவெல் தோண்டிப் பார்த்த காலம் முதல் தமிழ்நாடு தொல்லியல் துறையின் 1968-69, 2021 அகழாய்வுகள் வரை வெளிப்பட்ட சான்றுகளோடு நில அமைப்பையும் சேர்த்துப் பார்த்தால், வண்டலைக் கொட்டிக் கொட்டித் தாமிரபரணி கடலைத் தள்ளிக்கொண்டே போனது தெரிகிறது. துறை முதலில் காயலுக்கு நகர்ந்தது. போர்த்துக்கீசியர் காலத்தில் அது தூத்துக்குடியில் நிலைபெற்றது. வண்டல் கொண்டுவரும் ஆறு வாசலில் இல்லை, அலையைத் தடுக்க முயல் தீவு போன்ற தீவுகள் உண்டு என்பவை அந்த இடத்துக்கு இருந்த அனுகூலங்கள். ஆற்றை விட்டு விலகியதால் பிழைத்த துறைமுகம் அது. ஆறில்லாத ஊர் என்ற எண்ணம் அங்கிருந்தே தொடங்குகிறது. குரூஸ் பர்னாந்து நகர்மன்றத் தலைவராக இருந்து வல்லநாட்டிலிருந்து குடிநீர் கொண்டுவர உழைத்த கதையை ஊர் இன்றும் நன்றியோடு சொல்கிறது. தண்ணீருக்கு ஏங்கிய ஊர் வெள்ளத்தை எதிர்பார்க்காததில் வியப்பில்லை.

ஆனால் ஓடை இருந்தது. கயத்தாறு, மணியாச்சி வட்டாரத்து மானாவாரி நிலங்களிலிருந்து வரும் உப்பாற்று ஓடை ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கும். ஐப்பசியின் முதல் மழையைக் கரிசல் மண் தன் வெடிப்புகளுக்குள் இழுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று மழை விழுந்ததும் மண் ஊதி, வெடிப்பு மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு விழும் மழையில் பெரும்பங்கு மண்ணுக்குள் இறங்காமல் ஓடைக்கே வந்து சேரும். எனவே இந்த ஓடையைப் பொறுத்தவரை மழை எவ்வளவு பெய்தது என்பதைவிட, எதற்குப் பின் பெய்தது என்பதே முக்கியம். கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை, கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை என்பார்கள். ஆனால் 2023இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது மார்கழி பிறந்த கையோடு. மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியே சுமார் 66 செ.மீ. தான்.

கோரம்பள்ளம் குளத்துக்கு இரண்டு பக்கத்துத் தண்ணீர் உண்டு. ஒன்று இந்த ஓடை. மற்றொன்று ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வடகால். அந்தக் காலின் கடைமடை என்பதால் பாசனக் கணக்கில் இது எப்போதும் தண்ணீர் போதாத குளம். அத்திமரப்பட்டிப் பக்கத்து வாழை விவசாயிகள் மழைக்காலக் கடைசியில் குளம் நிறைந்திருக்க வேண்டும் என்று கேட்பது முழு நியாயம். நகரத்துக்கோ அதே நாளில் குளத்தில் இடம் காலியாக இருக்க வேண்டும். 24 கண் மதகு இந்த இரண்டு தேவைக்கும் நடுவே நிற்கிறது. மதகைத் திறந்தாலும், மறுகால் தண்ணீர் கடலுக்குப் போகும் வழி ஏறக்குறைய வாட்டமே இல்லாத உப்பள நிலம். ஓடைப் படுகையில் மண் மேடிட்டு, சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பக்கவாட்டில்தான் பரவும். 2023இல் குளத்தின் கரை உடைந்தபோது அந்தோணியார்புரத்தில் தேசிய நெடுஞ்சாலையே அரித்துப் போனது.

அவ்வளவு மழைக்கு எந்தக் குளம்தான் தாங்கும் என்ற கேள்வி எழும். அந்த ஒரு நாளுக்கு மட்டும் அது சரியான கேள்வி. ஆனால் 2015 நவம்பரிலும் நகரம் நீரில் மிதந்தது. 2021 நவம்பர் 25 மழைக்குப் பிறகும் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அந்த ஆண்டுகளில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை இல்லை. மழையின் அளவு மாறிக்கொண்டே இருக்க, நகரத்தின் தாழ்வான பகுதிகள் ஒவ்வொரு முறையும் மூழ்கின என்றால், காரணத்தை மழையில் மட்டும் தேட முடியாது. 1986இல் மாவட்டத் தலைநகரம், 2008இல் மாநகராட்சி என்று ஊர் விரிந்தபோது, கடற்கரையில் உப்பளமும் பழைய ஊரும் இடத்தைப் பிடித்திருந்ததால் புதிய நகர்கள் மேற்கே, தண்ணீர் இறங்கி வரும் திசையில் எழுந்தன. ஊருக்குள்ளே பக்கிள் ஓடை மழைநீரும் கழிவுநீரும் சேர்ந்து ஓடும் வாய்க்காலாகிவிட்டது. உப்பாற்றை ஒட்டிய தனியார் நிலம் உட்பட 11 இடங்களில் குவிந்த தாமிரக் கசடு அகற்றப்படாததை, ஸ்டெர்லைட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் சுட்டிக்காட்டியது. கசடின் நச்சைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அது ஓடையின் இடத்தை அடைக்கும் என்ற எளிய விஷயத்துக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை.

மழை வலுத்தால் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தைப் பார்ப்பது இந்த மாவட்டத்தில் வழக்கம். ஏரலுக்கும் ஆத்தூருக்கும் முக்காணிக்கும் அது சரியான அளவுகோல். கோரம்பள்ளத்துக்குக் கீழே இருப்பவர்கள் பார்க்க வேண்டியது கயத்தாறிலும் மணியாச்சியிலும் முந்தைய மூன்று நாட்களில் பெய்த மழையின் கணக்கு. இந்த ஓடைக்கு எழுதப்படும் எந்த வெள்ளக் குறிப்பும் அந்தக் கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும்.