அரண்மனைச் சுவடிகளும் கல்லூரிப் பாடக்குறிப்புகளும்

தஞ்சை அரண்மனையிலுள்ள சரசுவதி மகால் நூலகத்தைச் சரபோசி மன்னர் சேர்த்த செல்வம் என்று போற்றுகிறோம். சேர்த்தவர் அவரே, அதற்கான பணம் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இரண்டாம் சரபோசி நாட்டின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இழந்தார். அவருக்கு எஞ்சியவை கோட்டையும், ஆண்டுக்கு ஓர் இலட்சம் வராகனும், நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே. அவ்வருவாயோ பெரிதும் காவிரிப் பாசன வயல்களின் நிலவரி. காசி யாத்திரையில் அவர் திரட்டிய சுவடிகளுக்கும், மேனாட்டு மருத்துவ நூல்களுக்கும், அரண்மனை அச்சகத்தில் அச்சான மராத்திப் புத்தகங்களுக்கும் விலை கொடுத்தவன், எழுத்தறியாத உழவனே.

அவன் பேரப்பிள்ளைகள் அவற்றைக் காண நெடுங்காலம் ஆயிற்று. பர்னல் என்னும் ஆங்கில நீதிபதி வடமொழிச் சுவடிகளுக்குத் தொகுத்த அட்டவணை 1880-இல் இலண்டனில் வெளிவந்தது. சுவடிகள் இருந்த இடம் பொதுநூலகமானதோ 1918-இல்தான்!

கற்பிக்கும் நூலுக்கு வேலி நிற்பதில்லை என்பதற்கு நம் வீரமாமுனிவரே சான்று. லுத்தரன் சபையாரைக் கண்டித்து அவர் கடுமையாக எழுதினார். ஆயினும் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை, அவர் வாழ்நாளிலேயே, தரங்கம்பாடியில் அச்சிட்டவர்கள் அந்தச் சபையாரே. தமிழ் கற்பிக்க அது தேவைப்பட்டது. பகை குறுக்கே வரவில்லை.

கல்லூரிகளில் தமிழ்வழிக் கல்வி வந்தபோது, அரசு பேராசிரியர்களைக் கொண்டு இயற்பியல் முதல் வரலாறு வரை பாடநூல்கள் எழுதுவித்தது. மறுபதிப்பின்றி மறைந்திருந்த அவற்றுள் பலவற்றை இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். அன்றைய நூல்களுக்குக் கிடைத்த இவ்விடுதலை, இன்று வகுப்பறைக்கென எழுதப்படும் பாடக்குறிப்புகளுக்கு ஏன் இல்லை? பேராசிரியரின் உழைப்புக்கு மதிப்பு வேண்டும் என்பதை மறுக்கவில்லை. அவர் பெயர் முதற்பக்கத்தில் நிற்கட்டும். ஆனால் அவ்வுழைப்புக்கு ஊதியம் பொதுப்பணத்திலிருந்து வழங்கப்பட்டுவிட்டதே.

இக்கேள்வி அரசுக் கல்லூரிகளோடு முடிவதில்லை. திருச்சபை நடத்தும் உதவிபெறும் கல்லூரிகளிலும், அரசு ஏற்ற பணியிடங்களின் சம்பளம் கருவூலத்திலிருந்தே வருகிறது. ஒரத்தநாட்டுப் பக்கம் பகலில் நாற்று நட்டுவிட்டு, விட்டுப்போன பட்டப்படிப்பை இரவில் தொடரும் பெண், நம் கல்லூரி ஒன்றின் பாடக்குறிப்பைக் கேட்டு வந்தால், அவளிடம் அடையாள அட்டை கேட்போமா?