தீர்ப்பைச் சித்திரக்கதையாக்கல்: கூடலூர் வழக்குகளை முன்வைத்து

இந்தியச் சட்ட வரலாற்றின் இரு பெரும் வழக்குகளுக்கு நீலகிரியின் கூடலூரே பிறப்பிடம். ஒன்று, காடழிப்பை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்தது. மற்றொன்று, ஜன்மம் எனப்படும் பரம்பரை நிலவுடைமையை ஒழிக்க வந்த 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்திலிருந்து கிளைத்த ஐ.ஆர். கோயலோ வழக்கு. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் தமிழில் மொழிபெயர்க்கப்படத் தொடங்கியபின் மொழித்தடை சற்றே தளர்ந்திருக்கிறது. சட்டநடை என்னும் தடை அப்படியே நிற்கிறது. தனித்தியங்கும் சித்திரக்கதை ஓவியர்களால் அதைத் தாண்ட உதவ முடியும். ஆனால் அவர்கள் வரைய வேண்டியது வழக்கின் கதையைவிடத் தீர்ப்பின் காரணத்தை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முன்னோடிகள் இல்லாமல் இல்லை. நர்மதை அணைப் பிரச்சினையை ஓரிஜித் சென் 1994இல் 'ரிவர் ஆஃப் ஸ்டோரிஸ்' என்ற சித்திர நூலாக்கினார். கனன் துருவின் 'லாடூன்ஸ்' சட்டங்களையும் உரிமைகளையும் சிறுவர்களுக்குப் படக்கதையாகச் சொன்னது. போராட்டத்தைச் சொல்ல மாந்தர் உண்டு. உரிமையை விளக்க எடுத்துக்காட்டு உண்டு. தீர்ப்பின் உயிரோ வாதத்தில் இருக்கிறது. வாதத்துக்கு முகம் கிடையாது.

கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று வந்த ஆணை, 'காடு' என்பதை அகராதிப் பொருளில் கொள்ள வேண்டும், நிலம் யாருடையது என்பது பொருட்டல்ல என்றது. தமிழ்நாட்டுக்கான பகுதியில் தேயிலை, காபி, ஏலத் தோட்டங்களின் நிழல் மரங்களுக்குத் தனி விதி வகுத்தது: நட்டு வளர்த்த மரங்களை மட்டுமே வெட்டலாம், தானாக முளைத்தவற்றைத் தொடக்கூடாது, இனமும் அளவும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் பரிந்துரைப்படி அமைய வேண்டும். தனிப்படம் ஒன்றில் இவ்விரு மரங்களும் ஒன்றுபோலவே தெரியும். வேறுபாடு மரத்தின் தோற்றத்தில் இல்லை, அதன் கடந்த காலத்தில் இருக்கிறது. நாற்றை ஊன்றும் கை ஒரு கட்டத்தில், பறவை விட்டுச்சென்ற விதை இன்னொரு கட்டத்தில், இரண்டும் ஓங்கி வளர்ந்த காட்சி மூன்றாவதில் என வரைந்தால் விதி விளங்கிவிடும். காலத்தைக் கட்டங்களாகப் பகுப்பது சித்திரக்கதையின் இயல்பு. இங்கே அதுவே சட்ட விளக்கமாகிறது.

கோயலோ வழக்கு இதைவிடக் கடினம். ஜன்ம நிலச் சட்டத்தின் காடுகள் தொடர்பான பகுதியை 1972இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 1974இல் அரசியலமைப்பின் 34ஆவது திருத்தம், சட்டங்களை நீதிமன்றச் சவாலிலிருந்து காப்பதற்கான ஒன்பதாவது அட்டவணையில் அச்சட்டத்தைச் சேர்த்தது. 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு என்ற கோட்பாடு வகுக்கப்பட்ட 1973 ஏப்ரல் 24க்குப் பின் அவ்வட்டவணையில் சேர்ந்த சட்டங்களை அக்கோட்பாட்டைக் கொண்டு சோதிக்கலாம் என்றது. தனித்தனி வழக்குகளை மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. கூடலூர் நிலம் யாருக்கு என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு முடிவு செய்யவில்லை. கடைசிக் கட்டத்தில் பட்டா வாங்கிச் சிரிக்கும் விவசாயியை வரைந்தால், ஜன்ம நிலச் சட்டப்படி உரிமை முடிவாகாத 'பிரிவு 17 நிலம்' என்ற பெயரோடு இன்றும் அல்லாடுகிறவருக்குப் பொய் சொன்னதாகும். நீதிமன்றம் எதைத் தீர்மானிக்கவில்லை என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும்.

அதே நீலகிரியின் சீகூர் யானை வழித்தட வழக்கிலும் இப்படிச் சறுக்குவது எளிது. உச்ச நீதிமன்றத்தின் 2020 அக்டோபர் 14 தீர்ப்பு, அரசின் வழித்தட அறிவிப்பை உறுதி செய்தது. அதே தீர்ப்பு, நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் வழிசெய்தது. யானை வரைய அழகானது, குழுவின் விசாரணை அப்படியல்ல. அழகானதோடு படத்தை முடித்தால் தீர்ப்பில் பாதி விடுபடும்.

சட்டம் ஓவியருக்குத் தடையாக இல்லை. நீதிமன்றம் தடைசெய்யாத வரை தீர்ப்பை மறுவெளியீடு செய்வது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி மீறலாகாது. முடிந்த வழக்கின் தகுதி பற்றிய நியாயமான விமர்சனம் அவமதிப்பு ஆகாது என்கிறது 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. ஓவியர் இழக்கக்கூடியது தம் உரிமையைத்தான்: கூலி கொடுத்து வரையவைத்த ஓவியத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லையெனில், வரையச் சொன்னவரே முதல் பதிப்புரிமையாளராகக்கூடும்.

ஆகவே, சட்ட விழிப்புணர்வைக் கடமையாகக் கொண்ட மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இப்பணியை ஏற்கலாம். ஒவ்வொரு படக்கதைக்கும் ஓவியரோடு ஒரு வழக்கறிஞர் அமர வேண்டும்; எழுத்துவழி ஒப்பந்தமும் உரிய ஊதியமும் வேண்டும்; எந்தக் கட்டம் தீர்ப்பின் எந்தப் பத்தியிலிருந்து வந்தது என்பதை அடியில் அச்சிட வேண்டும். பத்தி எண் இல்லாத தீர்ப்புப் படக்கதையை வாசகர் வெறும் கதையாகவே கொள்ள வேண்டும்.