தீவு வீடும் கட்டமைப்பு ஆய்வும்

கட்டமைப்பு ஆய்வு என்பது ஒரு வீட்டுக்கு விலை பேசி முடிக்கும் முன் அதன் அஸ்திவாரம், சுவர், தூண், உத்தரம், தளம் ஆகியவை எந்த நிலையில் உள்ளன என்று கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்து, கருவிகளால் சோதித்து, எழுத்தில் தரும் அறிக்கை. தமிழ்நாட்டில் வீடு வாங்குபவர் வில்லங்கச் சான்று எடுப்பார். தாய்ப் பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டுவார். வாஸ்து பார்ப்பவரைக் கட்டணம் கொடுத்தே அழைத்து வருவார். கான்கிரீட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க ஆள் கூட்டிவருபவர் அரிது. கடலுக்குத் தொலைவான ஊர்களில் இந்த அலட்சியம் பல நேரம் மன்னிக்கப்படுகிறது. நாலாபுறமும் உப்புக்காற்று வீசும் தீவில் அப்படி நடப்பதில்லை.

தமிழ்நாட்டில் தீவு வீடு என்றால் முதலில் நினைவுக்கு வருவது ராமேசுவரம். பாம்பன், தங்கச்சிமடம், ராமேசுவரம் நகரம் என்று மக்கள் நெருங்கி வாழும் இந்தத் தீவில் வீடும் விடுதியும் ஓயாமல் கைமாறுகின்றன. இரும்பைக் கடல் என்ன செய்யும் என்பதற்கு இங்கே எல்லோர் கண்முன்னும் ஒரு சாட்சி நின்றது. 1914-ல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் வாழ்நாள் முழுவதும் துருவோடு போராடி, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்திலிருந்து விடைபெற்றது. 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்தார்கள். ரயில்வே இவ்வளவு பாடுபட்ட அதே காற்றில்தான் சாதாரணக் கம்பியும் கைக்கு வந்த கலவையுமாக வீடுகள் எழும்புகின்றன.

துரு எப்படி வேலை செய்கிறது

நல்ல கான்கிரீட் காரத்தன்மை மிகுந்தது, அதன் பி.எச். அளவு 12.5-ஐத் தாண்டும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உருவாகித் துருவைத் தடுக்கிறது. கடலின் குளோரைடு உப்பு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே கம்பியை எட்டினால் படலம் அங்கங்கே உடையும். துருவாக மாறிய இரும்பு, பழைய இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். உள்ளே இடமில்லாததால் கான்கிரீட் வெடிக்கிறது. கொத்தனார்கள் இதைத்தான் 'கம்பி உப்பிருச்சு' என்கிறார்கள்.

முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் சன்ஷேடு. அதன் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்தால், கம்பி ஓடும் திசையிலேயே மயிரிழை போன்ற நேர்க்கோட்டு விரிசலும் அதை ஒட்டிக் காவி நிறக் கறையும் தெரியும். தாறுமாறாக ஓடும் பூச்சு விரிசல் வேறு, கம்பியோடு கூடவே ஓடும் இந்த விரிசல் வேறு. பிறகு காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரியும். சுருள் சுருளாக உரிந்த துரு கையோடு வரும். வீட்டை விற்பதற்கு முன் சிமென்ட் பூசிப் புது வண்ணம் அடித்துவிட்டால் இவை எதுவும் கண்ணில் படாது. தீவில் புதிதாகப் பெயின்ட் அடித்த பழைய வீடு அழகாகத் தெரிந்தாலும், ஆய்வாளர் அதைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும்.

உப்பு காற்றில் மட்டுமே வருவதில்லை. கழுவாத கடல் மணலில் வரும். கலவைக்கு ஊற்றிய உவர்நீரில் வரும். வெளியிலிருந்து வரும் உப்பு கம்பியைச் சேரப் பல ஆண்டுகள் பிடிக்கும். கலவையோடு கலந்த உப்போ முதல் நாளே கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, கம்பி போட்ட கான்கிரீட்டில் கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது. கடலோரச் சூழலுக்குக் குறைந்தது எம்30 தரக் கான்கிரீட்டும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடாக்கும் வேண்டும். கடல்நீர்த் திவலை நேராகத் தெறிக்கும் இடத்தில் எம்35, 50 மில்லிமீட்டர். இந்த மூடாக்கு அளவைக் காக்கும் கவர் பிளாக் வைக்காமல் ஒரு ஜல்லியைக் கம்பிக்கு அடியில் செருகித் தளம் போடும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அப்படிப் போட்ட தளத்தில் 45 மில்லிமீட்டரைத் தேடுவது வீண் வேலை.

புதுக் கட்டடம் என்பதும் உத்தரவாதம் ஆகாது. கொச்சி வைற்றிலாவில் சில்வர் சாண்ட் தீவு எனப்படும் இடத்தில் ராணுவ நல வீட்டுவசதி அமைப்பு கட்டிய சந்தர் குஞ்ச் அடுக்குமாடிகள் 2018-ல் முடிந்தவை. சில ஆண்டுகளிலேயே கான்கிரீட் உதிரத் தொடங்கியது. மூன்று கோபுரங்களில் இரண்டை இடித்துவிட்டுத் திரும்பக் கட்டுமாறு கேரள உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் உத்தரவிட்டது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கியவர்களில் ராணுவத்தினரும் ஓய்வுபெற்றவர்களும் பலர்.

இரும்பு இல்லாத வீடுகள்

தனுஷ்கோடியை 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல் அழித்தது. அங்கே இன்றும் நிற்கும் தேவாலயச் சுவர்கள் பவளக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பப்பட்டவை. கூரை போயிற்று; கதவு போயிற்று; உப்பு அறுபது ஆண்டுகளாக அரித்தும் சுவர் நிற்கிறது. அதற்குள் துருப்பிடிக்க இரும்பு இல்லாததும் இதற்கு ஒரு காரணம். இலங்கையின் நெடுந்தீவிலும் பவளக்கல் வேலிகளும் கோட்டை இடிபாடும் இதே கதையைச் சொல்கின்றன. ராமேசுவரம் மசூதித் தெருவில் அப்துல் கலாம் வளர்ந்த வீடு சுண்ணாம்புக்கல்லும் செங்கல்லும் கொண்டு 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டப்பட்டது என்று அவரே எழுதியிருக்கிறார்.

இத்தகைய பழைய வீட்டை ஆராய்பவர் கம்பியைத் தேட வேண்டியதில்லை. சுவரின் அடியில் ஓதம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, உப்புப் பூத்துச் சுண்ணாம்பு பொரிந்திருக்கிறதா, மரச் சட்டங்களைக் கரையான் தொட்டதா, சுண்ணாம்புச் சுவர் மேல் யாராவது சிமென்ட் பூசி ஈரத்தை உள்ளேயே அடைத்துவிட்டார்களா என்பவைதான் கேள்விகள். பவளக்கல் வீட்டைப் பழையபடி பழுதுபார்க்கப் புதிய பவளக்கல் கிடைக்காது. பவளங்கள் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவின் ஒரு பகுதி 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்கா ஆகிவிட்டது.

மலையும் தீவுதான், ஒரு வகையில்

தர்மபுரி மாவட்டத்தின் சித்தேரி மலைக்கும் ராமேசுவரத்துக்கும் கட்டட விஷயத்தில் ஒற்றுமை உண்டா என்று கேட்டால், ஒன்று உண்டு. சிமென்ட், கம்பி, மணல் அத்தனையும் ஒரே வழியாக வர வேண்டும். ராமேசுவரத்துக்குப் பாலம், சித்தேரிக்கு அரூர்ப் பக்கமிருந்து ஏறும் மலைப்பாதை. பொருள் மேலே வர ஆகும் செலவு கூடக்கூடக் கலவையில் கை சுருங்கும். ஆகவே இரண்டு இடத்திலும் ஆய்வாளர் கான்கிரீட்டின் வலிமையைக் கருவி வைத்தே அறிய வேண்டும். மேஸ்திரி சொன்ன விகிதத்தை நம்பக் கூடாது.

மற்றபடி எதிரிகள் வேறு. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் மலையாளிப் பழங்குடியினரின் பழைய வீடுகள் மூங்கில் தட்டியும் மண்பூச்சும் புல்கூரையுமாக இருந்தன. ராமேசுவரத்துப் பழைய சுவர்களைப் போல அவற்றிலும் கம்பி கிடையாது. இப்போது எழும் கான்கிரீட் வீட்டுக்குச் சித்தேரியில் கடல் உப்பு பயமில்லை. சரிவு பயம் உண்டு. சரிவை வெட்டி, வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டிச் சமன்செய்த மனையில் பாதி வீடு கெட்டி மண் மேலும் பாதி வீடு கொட்டிய மண் மேலும் உட்காரும். நாலைந்து மழைக்குப் பின் கொட்டிய பக்கம் இறங்கும். சுவரின் மூலையிலிருந்து மூலைக்குச் சாய்வான விரிசல் ஓடும். பின்பக்கத் தாங்குசுவரில் தண்ணீர் வடிய ஓட்டை விட்டிருக்கிறார்களா என்பது அங்கே சன்ஷேடைவிட முக்கியம். 2002-ன் நிலநடுக்கத் தர நூல் தர்மபுரியை மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. மலைச்சரிவில் ஒருபுறம் உயரமான தூண்களில் நிறுத்திய வீட்டுக்கு அதுவும் ஒரு கணக்கு. தர்மபுரித் தண்ணீர் என்றாலே ஃபுளோரைடு என்று எல்லோரும் பயப்படுவார்கள். அது பல்லையும் எலும்பையும் கெடுப்பது. கம்பியைக் கெடுப்பது குளோரைடு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, மலைவாழ் மக்களுக்கு அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலத்தை வெளியார் நினைத்தபடி வாங்கிவிட முடியாது. பட்டாவின் நிபந்தனையைப் படித்த பிறகுதான் பொறியாளரைத் தேடுவது முறை.

ஆய்வில் என்ன நடக்கும்

அனுபவமுள்ளவர் முதலில் கருவியை எடுப்பதில்லை. மொட்டைமாடியில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, குளியலறைக்குக் கீழே உள்ள தளத்தில் ஈரம் இருக்கிறதா, கதவு நிலையில் சிக்குகிறதா என்று சுற்றிவருவார். சுத்தியலால் தளத்தின் அடியைத் தட்டுவார். நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும்; உள்ளே பிரிந்துவிட்டது மொத்துமொத்தென்று சத்தமிடும்.

பிறகுதான் சோதனைகள். ரீபவுண்டு சுத்தியல் மேற்பரப்பின் கடினத்தைக் காட்டும். மேற்பரப்பை மட்டுமே காட்டும் என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. மீயொலி வேகச் சோதனையில் ஒலியலை நொடிக்கு 3.5 கிலோமீட்டருக்கு மேல் சென்றால் கான்கிரீட் நல்லது. 3 கிலோமீட்டருக்குக் கீழே போனால் சந்தேகத்துக்கு உரியது. மூடாக்கு அளவி கம்பி எத்தனை ஆழத்தில் கிடக்கிறது என்று சொல்லும். புதிதாக உடைத்த பரப்பில் ஃபினாப்தலின் கரைசலைத் தெளித்தால் காரம் மிச்சமுள்ள பகுதி இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத பகுதியில் காரம் போய்விட்டது. தீவு வீட்டுக்குத் தவிர்க்கக் கூடாதவை இன்னும் இரண்டு. ஒன்று, துளையிட்டு எடுத்த கான்கிரீட் தூளில் குளோரைடு அளவு. மற்றது, மின்னழுத்தச் சோதனை: செம்பு சல்பேட் மின்முனையோடு ஒப்பிட்டுக் கம்பியின் மின்னழுத்தம் மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே இருந்தால், அங்கே துரு ஓடிக்கொண்டிருக்க 90 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு உண்டு. வெளியே ஒரு விரிசலும் தெரியாத கட்டத்திலேயே இது நோயைச் சொல்லிவிடும்.

துரு ஆய்வுக்காகத் தமிழ்நாட்டுக்கு வெளியே அலைய வேண்டியதில்லை. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்குகிறது; கம்பிக்குப் பூசும் துருக் காப்புகளை அது உருவாக்கித் தந்திருக்கிறது. ராமேசுவரத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் போய்விடலாம்.

அறிக்கை இருந்தும்

ஆய்வு செய்துவிட்டால் போதுமா? அமெரிக்காவின் மயாமிக்கு அருகே, கடலோரத் தீவுத்திட்டில் உள்ள சர்ஃப்சைடில் 1981-ல் கட்டிய 12 மாடிக் குடியிருப்பு ஒன்று இருந்தது. நீச்சல்குளத் தளத்துக்குக் கீழே கான்கிரீட் பெரிதும் சேதமடைந்திருப்பதை 2018-லேயே ஒரு பொறியாளர் அறிக்கையில் எழுதிக் கொடுத்தார். பழுதுபார்க்கும் செலவை யார் எவ்வளவு ஏற்பது என்று குடியிருப்போர் பேசிக்கொண்டே இருந்தார்கள். 2021 ஜூன் 24 அதிகாலை கட்டடத்தின் பெரும்பகுதி சரிந்து 98 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு ஃபுளோரிடா மாநிலம், மூன்று மாடிக்குக் குறையாத இத்தகைய குடியிருப்புகளுக்கு 30 ஆண்டுகளில் கட்டமைப்பு ஆய்வைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. அடுக்குமாடியில் வீடு வாங்குபவர் தன் நாலு சுவரை மட்டும் சோதித்துப் பயனில்லை. பழைய அறிக்கைகள் சங்கத்திடம் உள்ளனவா, அவற்றின் மேல் என்ன நடவடிக்கை என்றும் கேட்க வேண்டும்.

கட்டமைப்பு ஆய்வுக்குள் அடங்காதவையும் உண்டு. கொச்சிக்கு அருகே மரடில் நான்கு அடுக்குமாடி வளாகங்கள் 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. கான்கிரீட்டில் குறை சொல்லி அல்ல. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளை மீறியவை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால்.

யார் பொறுப்பு

ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பர் முதல், சந்தைக்கு வரும் பெரும்பாலான வீடுகளுக்கு விற்பவரே ஆய்வறிக்கை வைத்திருக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவில், தனக்குத் தெரிந்த முக்கியக் குறையை விற்பவர் மறைக்கக் கூடாது என்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே தெரியக்கூடிய குறைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறையைக் கட்டுநர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. இது புது வீட்டுக்கு. ராமேசுவரத்தில் இருபது வருடம் பழைய வீட்டை மறுவிற்பனையில் வாங்குபவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கும்.

எனவே ஆய்வுக்கு ஏற்ற நேரம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு. அதற்குள் முடியாவிட்டால், ஆய்வறிக்கையில் கம்பித் துருவோ அஸ்திவார இறக்கமோ தெரிந்தால் அட்வான்ஸ் முழுதும் திருப்பித் தரப்படும் என்ற ஒரு வரியைக் கிரய ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். தூளெடுக்கத் துளையிடவும் இரண்டு இடத்தில் பூச்சை உடைத்துப் பார்க்கவும் விற்பவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும்; உடைத்ததைப் பூசித் தரும் செலவு வாங்குபவருடையது.