ஊடாட்ட ஆவணப்படம்

ஆவணப்படத்தை இயக்குநர் அடுக்கிய வரிசையிலேயே பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் ஊடாட்ட ஆவணப்படத்தில் இல்லை. எதை முதலில் பார்ப்பது, எங்கே நின்று கேட்பது, எதைத் தாண்டிப் போவது என்பதையெல்லாம் பார்ப்பவரே தீர்மானிக்கலாம். காணொளி, ஒலிப்பதிவு, எழுத்து, வரைபடம், குடும்ப ஆல்பம் எல்லாம் ஒரே இணையத்தளத்தில் கூடிவரும். சிலவற்றில் பார்ப்பவர் தன் பங்குக்கு ஒரு குறிப்போ படமோ சேர்க்கவும் முடியும். இந்தக் கடைசி வசதிதான் இந்த வகையின் உயிர். அது இல்லாத இடத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் பொத்தான் அழுத்தும் விளையாட்டுதான்.

இதன் வேர் இணையத்துக்கு வெகுமுன்பே ஊன்றியது. 1967-இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையோரத்தில் உள்ள ஃபோகோ தீவு மீனவர்களை வேறிடங்களுக்குக் குடிபெயர்க்கும் பேச்சு எழுந்திருந்தது. கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் கொலின் லோ அங்கு சென்று, ஒரே பெரிய படம் எடுக்காமல், தீவுவாசிகள் பேசும் குறும்படங்களை இருபதுக்கும் மேல் எடுத்தார். எடுத்தவற்றைத் தீவிலேயே திரையிட்டார். தாங்கள் பேசியதைத் தாங்களே பார்த்து ஒப்புதல் தரும் உரிமை மக்களுக்கு இருந்தது. ஒரு கிராமத்தார் இன்னொரு கிராமத்தாரின் குறையைத் திரையில் கேட்டார்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது, தீவும் காலியாகவில்லை. கணினி எதுவும் இல்லாமல் நடந்த ஊடாட்டம் இது.

தொழில்நுட்பப் பக்கத்தில் முதல் மைல்கல் 1978-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘ஆஸ்பென் மூவி மேப்’. கொலராடோவின் ஆஸ்பென் நகரத் தெருக்களைப் படம்பிடித்து லேசர் வட்டில் ஏற்றினார்கள். பார்ப்பவர் திரையைத் தொட்டு இடமோ வலமோ திரும்பித் தெருத்தெருவாகப் போகலாம். இன்றைய கூகுள் ஸ்ட்ரீட் வியூவுக்கு இது மூத்தது. 2000-இல் ஜெர்மானியக் கலைஞர் ஃப்ளோரியன் தால்ஹோஃபர் ‘கோர்சகோவ்’ மென்பொருளை எழுதிய பிறகு, நிரல் எழுதத் தெரியாத சுயாதீனப் படைப்பாளிகளும் துண்டு துண்டான காட்சிகளைப் பல வழிகளில் கோக்க முடிந்தது.

2008 முதல் 2013 வரை இந்த வகைக்குப் பொற்காலம். ஆர்ட்டே தொலைக்காட்சியின் ‘ப்ரிசன் வேலி’ (2010) பார்வையாளரைச் சிறைச்சாலைகள் சூழ்ந்த அமெரிக்க ஊர் ஒன்றின் விடுதி அறைக்குள் குடியேற்றி அங்கிருந்து கதையைத் தொடரச் சொன்னது. கேட்டரினா சிஸெக்கின் ‘அவுட் மை விண்டோ’ (2010) பெங்களூரு உட்பட 13 நகரங்களின் அடுக்குமாடி வீடுகளுக்குள் அழைத்துப் போய் 49 கதைகளைச் சொன்னது. அதே ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் சர்வதேச ஆவணப்பட விழாவில் விருதும் பெற்றது. இலெயின் மக்மில்லியனின் ‘ஹாலோ’ (2013) நிலக்கரிச் சுரங்கங்கள் ஓய்ந்து மக்கள் வெளியேறிய மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் வட்டாரத்தைப் பற்றியது. அதன் காணொளிகளில் ஒரு பகுதியை அவ்வூர்க்காரர்களே எடுத்தார்கள்.

இவற்றுள் மிகவும் எளிமையானது ‘வெல்கம் டு பைன் பாயிண்ட்’ (2011). கனடாவின் வடக்கே ஈய, துத்தநாகச் சுரங்கத்துக்காக எழுந்த பைன் பாயிண்ட் நகரம் 1988-இல் மூடப்பட்டு, வீடுகள் இடிக்கப்பட்டன அல்லது பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டன. முன்னாள் குடியிருப்பாளர் ஒருவர் தன் கைப்பட ஒரு நினைவுத் தளம் நடத்திவந்தார். மைக்கேல் சைமன்ஸ், பால் ஷூப்ரிட்ஜ் இருவரும் அதிலிருந்து தொடங்கி, பள்ளிப் படங்களையும் வீட்டுக் காணொளிகளையும் ஒரு ஒட்டுப் புத்தகத்தின் பக்கங்களாக அடுக்கினார்கள். விரும்பிய பக்கத்தில் விரும்பிய நேரம் நிற்கலாம் என்பதைத் தவிர அதில் வித்தை எதுவும் இல்லை. ஊர் இல்லாமல் போனவர்களின் கதைக்கு அதுவே போதுமாக இருந்தது.

இந்தியாவில் இந்த வடிவம் வேறு பாதையில் போனது. 2008-இல் மும்பையின் கேம்ப், பெங்களூரின் மாற்றுச் சட்ட மன்றம் முதலிய அமைப்புகள் சேர்ந்து ‘பேட்.மா’ என்ற இணையக் காப்பகத்தைத் தொடங்கின. ஆவணப்படக்காரர்கள் ஒரு மணி நேரப் படத்துக்குப் பல பத்து மணி நேரக் காட்சிகளை எடுக்கிறார்கள். வெட்டி எறிந்தது அலமாரியில் பூஞ்சை பிடிக்கிறது. பேட்.மா கேட்டது அந்த மிச்சத்தைத்தான். காணொளிக்குக் கீழே நீளமான காலப்பட்டை ஓடும். எந்த நொடியில் யார் என்ன பேசினார், பின்னணியில் தெரியும் கட்டடம் எது, அன்று அங்கே என்ன நடந்தது என்று அந்த நொடிக்கு நேராகவே எழுதலாம், தேடலாம், பதிவிறக்கலாம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய ‘பாரி’ தளம் கிராமத்து வாழ்வைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் பதிகிறது. மராட்டியப் பெண்கள் திரிகையில் அரைக்கையில் பாடிய 1 லட்சத்துக்கும் மேற்பட்ட பாடல்களின் தொகுப்பும் அங்கே இடம்பெறுகிறது.

தமிழ்நாட்டில் திவ்யபாரதியின் ஆவணப்படமான ‘கக்கூஸ்’ (2017), திரையிடல்களுக்குத் தடை வந்தபின் யூடியூபில் பல்லாயிரம் பேரைச் சென்றடைந்தது. அது ஊடாட்டப் படம் ஆகாது. ஆயினும் மண்டபம் கிடைக்காத சுயாதீனப் படத்துக்கு இணையம் என்ன செய்யும் என்பதற்கு அதுவே நல்ல சான்று.

இலங்கையில் உள்நாட்டுப் போரின் முடிவு இத்தகைய இணையப் பதிவுகளுக்கு உந்துதல் தந்தது. கண்ணன் அருணாசலம் 2010 அளவில் ‘ஐ ஆம்’ திட்டத்தில் வெவ்வேறு ஊர்களின் முதியவர்களை அவர்கள் குரலிலும் ஒளிப்படத்திலும் இணையத்தில் பேசவைத்தார். ராதிகா ஹெட்டியாராச்சியின் ‘ஹெர்ஸ்டோரீஸ்’ வடக்கிலும் தெற்கிலும் உள்ள தாய்மாரிடம் கைப்படக் கடிதம் எழுதவும் நினைவு வரைபடம் வரையவும் சொல்லி, அவற்றை எண்ணிமமாக்கியது. கேமராவுக்கு முன் வாய் திறக்கத் தயங்குபவர் தாளில் தன் வீட்டு முற்றத்தை வரைந்துவிடுகிறார். ஆவணப்பட நேர்காணல் இதிலிருந்து கற்க நிறைய இருக்கிறது.

பிறகு சரிவு வந்தது. பொற்காலத்துப் படைப்புகள் பல அடொபியின் ஃப்ளாஷை நம்பிக் கட்டப்பட்டவை. 2020 டிசம்பர் 31-உடன் ஃப்ளாஷுக்கான ஆதரவு நின்றது. மறுபடி கட்டப் பணமும் ஆளும் இருந்த நிறுவனங்கள் தப்பின. தனியாட்களின் படைப்புகள் பல திறக்கமுடியாதவை ஆயின. சாதாரணக் காணொளிக் கோப்பும் எழுத்தும் ஒலியுமாக இருந்தவையோ இன்றும் ஓடுகின்றன. ஆடம்பரம் முதலில் விழுந்தது என்பதே இத்துறையின் பட்டறிவு.

பைன் பாயிண்ட் போலவே மறைந்துபோன, இலங்கையின் மாத்தளை மாவட்டத்து லக்கல இந்த வரலாற்றில் சேரத் தகுந்த ஊர். நக்கிள்ஸ் மலையடியில் களு கங்கை நீர்த்தேக்கத்தில் 2018-இல் நீர் நிரப்பத் தொடங்க, பழைய லக்கல நகரம் நீருக்குள் போனது. புதிய பசுமை நகரம் 2019-இல் திறக்கப்பட்டது. விக்டோரியா நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய தெல்தெனியவின் இடிபாடுகளாவது நீர் வற்றும் காலத்தில் தலைகாட்டுகின்றன. இந்தியாவின் நர்மதைப் பள்ளத்தாக்கில் அணைகளால் இடம்பெயர்ந்தவர்களின் குரல்களை, அணை எதிர்ப்புப் போராட்டத்தில் இருந்த நந்தினி ஓஸா ஒலியாகச் சேர்த்து இணையத்தில் வைத்திருக்கிறார். லக்கலயிலும் இதைச் செய்யலாம்: பழைய கடைத்தெருவில் வியாபாரம் செய்தவர்களும், அங்கே பள்ளிக்குப் போனவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஆல்பங்களும் உண்டு. பதிவு செய்ய நினைப்பவர் ஒரு கைப்பேசியோடு தொடங்கலாம். ஆனால் தளத்துக்கு அழகு பார்ப்பதற்கு முன், மூலக் கோப்புகளின் பிரதி ஒன்றை, 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் போன்ற ஒரு பொதுக் காப்பகத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும்.