புயல் கூண்டும் செயற்கைக்கோளும்



போன வாரம் ஒரு கல்யாணத்தில் என் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். 2024 ஃபெஞ்சல் புயலில் அவன் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். "ராக்கெட்டுக்குக் கோடி கோடியா கொட்டுறாங்க. எங்க தெருவுல தண்ணி வடிய ஒரு வழி பண்ண மாட்டேங்கறாங்களே, டீச்சர்?" என்று கேட்டான். பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். 1761 ஜனவரி 1. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து புதுச்சேரியைப் பிடிக்க ஆங்கிலேயர் கடலிலும் தரையிலும் முற்றுகை போட்டிருந்த நேரம். திடீரென்று புயல் அடித்தது. ஆங்கிலேயக் கப்பல்கள் சில மூழ்கின, சில கரையில் மோதி உடைந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றைய உலகின் பெரிய கடற்படை அது. ஆனாலும் மறுநாள் என்ன வரும் என்று அதற்குத் தெரியவில்லை.

இருநூறு ஆண்டு கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1963 நவம்பரில் கேரளத்துத் தும்பாவில் நம் நாட்டின் முதல் ராக்கெட் கிளம்பியது. அடுத்த ஆண்டு டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியது. பாம்பனிலிருந்து கிளம்பிய ரயிலை, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அலை அடித்துப் போனது. மேலிருந்து பார்த்துச் சொல்ல நமக்கென்று ஒரு செயற்கைக்கோள் அன்று இல்லை.

இனி நாம் எல்லோரும் பார்த்த 'தானே'. 2011 டிசம்பர் 30 காலை, மணிக்கு 140 கி.மீ. வரை வேகத்தில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தது. எங்கள் வாசல் வேப்பமரம் வேரோடு சாய்ந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் அழிந்தன. ஆனால் வங்கக்கடலில் அது உருவான நாளிலிருந்தே 36,000 கி.மீ. உயரத்திலிருந்து நம் கல்பனா-1 அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியது. "அப்பா போட்டை மேல இழுத்துக் கட்டிட்டு வந்துட்டாரு டீச்சர்" என்று வைத்திக்குப்பத்துப் பிள்ளை ஒருத்தி பிறகு சொன்னாள். அந்த வீட்டில் அப்பா இருந்தார். நான் கணக்குப் போடுவது அங்கேதான்.

செலவையும் பார்ப்போம். 2024-25 மத்திய பட்ஜெட்டில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது சுமார் 13,000 கோடி ரூபாய். மொத்த பட்ஜெட் சுமார் 48 லட்சம் கோடி. அதாவது அரசு செலவழிக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 27 காசு. அந்தக் காசில்தான் நிலவுக்குப் போவதும், வானிலை பார்ப்பதும், கடலில் மீன் கூடும் இடத்தைக் கணித்துச் சொல்ல உதவுவதும்.

ஆனால் செயற்கைக்கோள் பார்த்தால் மட்டும் போதாது. 2017 ஒக்கி புயலில் அதைத்தான் கற்றோம். குமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் அதற்குச் சில நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். அங்கே செல்போன் எடுக்காது. எச்சரிக்கை கரையிலேயே நின்றுவிட்டது. எத்தனையோ வீடுகளில் அப்பாக்கள் திரும்பி வரவில்லை. அதன் பிறகுதான், 2019-இல், செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலிலேயே எச்சரிக்கையை வாங்கி மீனவரின் செல்போனுக்குத் தரும் 'ஜெமினி' கருவி வந்தது. அதைப் படகுதோறும் கொண்டு சேர்ப்பது ராக்கெட் வேலை இல்லை. நிர்வாக வேலை.

ஃபெஞ்சலிலும் அதே பாடம்தான். புயல் நகராமல் நம் ஊர்ப் பக்கமே நின்று, ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. புயல் வருவதை வானத்திலிருந்து சொன்னார்கள். வாய்க்காலைத் தூர் வார வானத்திலிருந்து யாரும் வர மாட்டார்கள்.

ஆகவே தம்பி, உன் கோபம் நியாயமானது. கேட்க வேண்டிய இடம்தான் வேறு. அந்த 27 காசைப் பிடுங்கினால் உன் தெருத் தண்ணீர் வடியாது. அடுத்த புயல் மட்டும் சொல்லாமல் வரும். மீதி 99 ரூபாய் 73 காசு எங்கே போகிறது என்று கேள். நானும் உன்னோடு சேர்ந்து கேட்கிறேன்.

தானே, ஃபெஞ்சல் நினைவுகள் உங்களுக்கும் இருக்கும். கீழே எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்